உறக்கத்தில் பல் கடிக்கும் குழந்தை



வீடு முழுவதும் அடங்கிக் கிடக்கும் நள்ளிரவில், பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தை பற்களை நறநறவெனக் கடிக்கும் ஓசை கேட்டால் பெற்ற மனம் பதைப்பது இயல்பு. விழித்திருக்கும் ஒருவர் வேண்டுமென்றே கடித்துக் காட்டினாலும் அவ்வளவு ஓசை எழாது. ஆனால் காலையில் குழந்தையைக் கேட்டால், அதற்கு ஒன்றுமே தெரிவதில்லை. இவ்வழக்கத்திற்கு யாது காரணம், இதற்கு என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

“வயிற்றில் பூச்சி இருக்கிறது, அதனால்தான் பல்லைக் கடிக்கிறான்” என்பது தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் பேச்சு. அக்காலத்தில் பூச்சித் தொல்லை மிகுந்திருந்தது உண்மையே. 1974 முதல் 1983 வரை நம் நாட்டுத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுக்கும் திட்டம் நடைபெற்றதே அதற்குச் சான்றாகும். எனினும், பல் கடிப்பதற்குப் பூச்சிதான் காரணம் என்று மருத்துவ ஆய்வுகள் உறுதியாக நிறுவவில்லை. பூச்சியே இல்லாத பிள்ளைகளும் பல் கடிக்கின்றனர். பூச்சியுள்ள பிள்ளைகள் பலர் கடிப்பதில்லை. ஆகவே ஓசை கேட்ட இரவெல்லாம் பூச்சி மருந்தைத் தேட வேண்டாம். குழந்தை இரவில் ஆசனவாயைச் சொறிந்தாலோ, மலத்தில் பூச்சி தென்பட்டாலோ மருத்துவகத்திற்கு அழைத்துச் சென்று வயதுக்கேற்ற அளவில் மருந்து பெறுங்கள். அது பூச்சிக்கான மருந்து. பல் கடிப்பதற்கான மருந்தன்று.

அப்படியானால் குழந்தை ஏன் பல்லைக் கடிக்கிறது? உறக்கம் இரவு முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. ஆழ்ந்தும் தெளிந்தும் மாறி மாறி வரும். ஆழ்ந்த உறக்கத்திலிருந்து சற்றே தெளியும் நேரங்களில் மூளை ஒரு கணம் விழிப்பை நோக்கி அசைகிறது. அப்போது உணவை மெல்லும் தசைகள் தாமாகவே இயங்கத் தொடங்குகின்றன. குழந்தை இதனை அறிந்து செய்வதில்லை. எனவே அதட்டுவதும், அடிப்பதும், தட்டி எழுப்புவதும் பயனற்றவை. “உன் பல் கொட்டிவிடும், பார்” என்று பயமுறுத்துவது அதனினும் கேடு. மனக்கலக்கம் இவ்வழக்கத்தை மிகுவிக்கக்கூடியது.

சிறு குழந்தைகளிடம் இது மிகப் பொதுவாகக் காணப்படுவது. ஆறு மாத அளவில் முதற்பற்கள் முளைக்கும்போதே சில குழந்தைகள் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் உரசிப் பார்க்கின்றன. மூன்று வயதுக்குள் இருபது பால்பற்களும் வந்துவிடுகின்றன. ஆறு வயதிலிருந்து அவை ஒவ்வொன்றாக விழுந்து, நிலைப்பற்கள் முளைக்கத் தொடங்குகின்றன. பிள்ளை வளர வளர, பெரும்பாலோரிடம் பல் கடிக்கும் வழக்கம் தானே குறைந்து மறைந்துவிடுகிறது. பால்பல் சிறிது தேய்ந்திருப்பதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை.

ஆயினும் நிலைப்பல் வந்த பின்னர்க் கவனம் தேவை. பால் மரம் வெட்டும் உங்களுக்கு இதனை விளக்குவது எளிது. முறையாக வெட்டிய பட்டை சில ஆண்டுகளில் மீண்டும் வளர்ந்துவிடும். ஆனால் எனாமல் எனப்படும் பல்லின் மேலுறை தேய்ந்தால் மீண்டும் வளராது. ஆறு, ஏழு வயதுக்குப் பின்னும் பல் கடித்தல் கடுமையாக நீடித்தால் பல் மருத்துவரிடம் காட்டிவிடுவதே அறிவுடைமை.

இனி, மிக முக்கியமான ஒரு செய்தி. குழந்தை பல் கடிக்கும் இரவில், பல்லின் ஓசையை மட்டும் கேளாமல் மூச்சின் ஓசையையும் கவனியுங்கள். குழந்தை வாயைத் திறந்தபடி மூச்சு விடுகிறதா? பெரும்பாலான இரவுகளில் உரக்கக் குறட்டை விடுகிறதா? மூச்சு சிறிது நேரம் நின்று, பின்னர்த் திணறலோடு மீண்டும் வருகிறதா? பகலில் சோர்ந்து விழுகிறதா, அல்லது காரணமின்றி எரிச்சல் கொள்கிறதா? இவை இருப்பின், தொண்டையிலுள்ள டான்சில் சதையோ மூக்கின் பின்புறத்துச் சதையோ வீங்கி மூச்சுப் பாதையை அடைத்திருக்கலாம். இரவுதோறும் மூச்சுக்குத் தவிக்கும் பிள்ளைக்கு நல்ல உறக்கம் இல்லை. உடல் வளர்ச்சியும் படிப்பும் பாதிக்கப்படலாம். இதற்குச் சிகிச்சை உண்டு. பூச்சி என்று எண்ணிக் காலங்கடத்தாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். மூச்சு நின்று திணறுவதைக் கண்டால் அதனை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவையும் உண்டு. மூன்று முதல் ஐந்து வயதுள்ள குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்குப் பத்து முதல் பதின்மூன்று மணி நேர உறக்கம் வேண்டும். நீங்களோ பிரட்டுக்குச் செல்ல விடியுமுன்னரே எழுகிறீர்கள். பிள்ளையையும் ஐந்து மணிக்கு எழுப்பி ஆயாக் கொட்டகையிலோ பாட்டியிடமோ விட வேண்டியிருக்கிறது. இரவு பத்து மணி வரை தொலைக்காட்சியோ கைப்பேசியோ பார்த்த குழந்தைக்கு அன்று ஏழு மணி நேரமே உறக்கம். எட்டு மணிக்குப் படுக்க வைத்தால் ஒன்பது மணி நேரம் கிடைக்கும். எஞ்சியதைப் பகல் தூக்கம் ஈடு செய்யும். பகலில் பிள்ளையைக் கவனிப்பவரிடம் இதனைச் சொல்லி வையுங்கள்.

மாலைக்குப் பின் குழந்தைக்குக் கோப்பியும் தேத்தண்ணீரும் கொடுக்காதீர்கள். படுக்குமுன் பல் துலக்கிவிட்ட பிறகு தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம். இனிப்புப் பால் புட்டியை வாயில் வைத்தபடி உறங்க விடுவது சொத்தைக்கு வழிவகுக்கும். வீட்டினுள் புகைபிடிப்பதை அறவே நிறுத்துங்கள். அண்மையில் வீடு மாறியதா, தம்பி தங்கை பிறந்தனரா, பள்ளியில் யாரேனும் மிரட்டுகின்றனரா, வீட்டில் பெரியவர்கள் சண்டையிடுகின்றனரா என்று எண்ணிப் பாருங்கள். படுக்கையில் பிள்ளையின் அருகில் அமர்ந்து, அன்றைய நாளைப் பற்றிப் பத்து நிமிடம் கனிவாகப் பேசுங்கள். செலவில்லாத மருந்து இது.

காலையில் தாடை வலி அல்லது தலைவலி, குளிர்ந்த நீர் பட்டால் பல் கூசுதல், பல் உடைதல் அல்லது ஆடுதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அரசாங்கப் பல் மருத்துவகத்திற்குச் செல்லுங்கள். குழந்தை வேறு நோய்க்கு மருந்து உண்டு வந்தால் அதனையும் தெரிவியுங்கள். சில மருந்துகள் பல் கடித்தலைத் தூண்டக்கூடும். பெரியவர்கள் இரவில் அணியும் பல் கவசத்தைக் கடையில் வாங்கிக் குழந்தைக்கு மாட்டிவிடாதீர்கள். தாடை வளர்ந்துகொண்டிருக்கும் பருவத்தில் அது பொருந்தாது.

பல் மருத்துவகம் என்றாலே பல்லைப் பிடுங்கும் இடம் என்ற அச்சம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. பிள்ளைகளின் பற்களைப் பேணுவதற்கென்றே தாதியரைப் பயிற்றுவிக்கும் பள்ளி பினாங்கில் 1949ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. அவ்வழியில் பயின்றவர்கள்தாம் பள்ளிகளுக்கு வந்து நம் பிள்ளைகளின் வாயைச் சோதிக்கின்றனர். பள்ளிக்குச் செல்லும் வயது வரும்வரை காத்திராமல், சிறு குழந்தையையும் அழைத்துச் சென்று காட்டலாம்.

பெற்றோர்களே, உறக்கத்தில் பல் கடிப்பது பெரும்பாலும் நோயன்று; குழந்தையின் குற்றமும் அன்று. திட்டாதீர்கள், தேவையற்ற மருந்தைப் புகட்டாதீர்கள். விளக்கை அணைத்த பின் சற்று நேரம் மூச்சைக் கவனியுங்கள். அது சீராக இருந்தால் நீங்களும் நிம்மதியாக உறங்குங்கள். சீராக இல்லையெனில், நாள் கடத்தாது மருத்துவரை நாடுங்கள்.