வீட்டுக்கு ஓர் ஆள்



'புறப்பாட்டில் கட்டாயமும் விருப்பமும்' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. அதனை 'வீட்டுக்கு ஓர் ஆள்' என்று சுருக்கிக்கொள்கிறேன். ஆற்றங்கரையில் வாழும் நமக்கு இத்தொடர் புதிதன்று. கொள்ளிடம் பெருகிக் கரையை அரிக்கத் தொடங்கினால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்தாக வேண்டும். வைகைக் கரையை அடைக்கப் பாண்டியன் இட்ட ஆணையும் அத்தகையதே. ஆளில்லாத கிழவி வந்திக்காகச் சொக்கநாதரே பிட்டுக்கு மண் சுமந்தார் என்று திருவிளையாடற் புராணம் கூறும். இக்குடிமராமத்து வழக்கத்தைக் கும்பினியார் 1858ஆம் ஆண்டில் கட்டாய உழைப்புச் சட்டமாக்கினர். அச்சட்டம் அழைத்தது உழைக்கும் வகுப்பினரை மட்டுமே. உடைப்பு எடுத்தால் மூழ்குவது மிராசுதாரின் நிலம். மண் சுமப்பவர் பண்ணையாட்கள்!

இந்தியர்மேல் போருக்கான கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் வந்ததில்லை. இரண்டாம் உலகப்போரில் படையில் இருந்த ஏறத்தாழ 25 இலட்சம் பேரும் தாமே பெயர் கொடுத்தவர்கள் என்பது கணக்கு. அவர்களுள் பசி பெயர் கொடுக்கச் செய்தவர் எத்தனை பேர் என்று அக்கணக்குச் சொல்லாது. எனினும் 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு, பொது நோக்கங்களுக்காக அரசு கட்டாயப் பணி விதிக்கலாம் என்று ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. சமயம், இனம், சாதி, வகுப்பு என்பவற்றை மட்டும் காரணமாக்கி வேற்றுமை காட்டலாகாது என்பது அதனோடு சேர்ந்த நிபந்தனை.

இனிப் புறநானூற்றுக்கு வருவோம். நம் உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவரும், கும்பகோணம் கல்லூரியில் பாடஞ்சொன்னவருமான உ.வே.சாமிநாதையர் 1894இல் அதனைப் பதிப்பித்தார். அன்றுதொட்டு மேடைதோறும் முழங்குகின்றவை இரண்டு பாட்டுகள். ஒன்று, தாய், தந்தை, கொல்லன், வேந்தன், காளை என ஐவர்க்கும் கடமை வகுக்கும் பொன்முடியார் பாட்டு. மற்றொன்று ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. தந்தையை முன்னைய போரில் இழந்தவள், கணவனை நேற்று இழந்தவள், இன்று பறையொலி கேட்டதும் தன் ஒரே மகனுக்குத் தலைவாரி, வெள்ளாடை உடுத்தி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள்.

இப்பாட்டை மறக்குடி மகளின் மாண்பு என்று மட்டுமே வகுப்பறையில் கற்பிக்கிறோம். ஆனால் பாட்டு தொடங்குவதே ஒரு சாபத்தில். இவள் எண்ணம் கெட்டொழியட்டும் என்று புலவர் வாய்விட்ட பின்னரே அவள் துணிவைப் பேசுகிறார். இகழ்வதுபோலப் புகழ்வது என உரைகாரர் அமைதி கூறுவர். எனக்கு அந்த அமைதி போதவில்லை. ஒரு பெண்ணின் வீட்டில் நின்றுகொண்டு, எண்ணெய் பூசப்பட்ட அச்சிறுவனின் தலையைக் கண்ட இன்னொரு பெண்ணின் பதைப்பு அம்முதற்சொல்லில் இருப்பதாகவே படுகிறது. தவிர, மகனை அனுப்பியவள் அவள். பறையை அறைவித்தவர் யார்?

இவ்வினா வெறும் உரைநயத்துக்காக எழுந்ததன்று. கோடியக்கரைக்கு அப்பால், கடல் கடந்த வன்னியில், 2006க்குப் பின் மீண்டும் மூண்ட போரில் 'வீட்டுக்கு ஒருவர்' என்பதை விடுதலைப் புலிகள் விதியாக்கினர். போர் இறுகியபோது அந்த அளவும் மீறப்பட்டது. பிள்ளைகளைப் பதுங்குகுழிகளில் ஒளித்தனர். மணமானவரைக் கொள்வதில்லை என்று நம்பி, வயது நிரம்பாத பெண்களுக்குத் தாலி கட்டி வைத்தனர். வெளியேறப் பொருளும் வழியும் இருந்தவர் முன்னமே சென்றிருந்தனர். பறை ஒலித்தது எஞ்சியோர் வாசலில். 2009இல் அம்மக்கள் அரசுப் படையின் எறிகணைக்கும், தப்பிச் செல்வோரைத் தடுத்த துப்பாக்கிக்கும் இடையே நின்றனர். ஐ.நா. வல்லுநர் குழு 2011இல் இரு தரப்பையும் குறித்தே எழுதியது.

அந்நாளில் தமிழகம் பிளவுண்டு நின்றது. எறிகணையைப் பேசியவர் பிள்ளைபிடிப்பைப் பேசவில்லை. பிள்ளைபிடிப்பைப் பேசியவருள் பலர் எறிகணையைப் பேசவில்லை. இரண்டையும் பேசியவருக்குத் துரோகி என்று பெயர். கவியரங்குகளோ மாசாத்தியாரின் தாயை மேடைக்கு அழைத்து வந்தன, ஒளித்துவைத்த தாயை அழைக்கவில்லை.

சங்கப் புலவருக்கு அவளைத் தெரியாதா? சோழர் குடி இரண்டாகப் பிளந்து போரிட்ட காலம். நலங்கிள்ளி ஆவூரை முற்றுகையிட, நெடுங்கிள்ளி கதவடைத்து உள்ளே இருக்கிறான். அவ்வூர் நம் கும்பகோணத்துக்கு அருகிலுள்ள ஆவூரே எனக் கொள்வர். கோவூர் கிழார் கோட்டைக்குள் இருப்பவற்றை எண்ணிச் சொல்கிறார்: உணவில்லாத யானை, பாலில்லாத குழந்தை, பூவில்லாத கூந்தல், நீரில்லாத வீடு. அறம் உடையாயின் கதவைத் திறந்து கொடு, மறம் உடையாயின் திறந்து போரிடு என்கிறார். பின்னர் உறையூர் முற்றுகையில் இருவரையும் நோக்கி, நீங்கள் இருவரும் அணிந்தது ஆத்தி மாலையே, எவர் தோற்றாலும் தோற்பது உம் குடி என்றார்.

அவ்வுறையூருக்குள் நலங்கிள்ளியிடமிருந்து வந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் என்று கொல்லத் துணிந்தான் நெடுங்கிள்ளி. எதிர்த்தரப்பிலிருந்து வருகிறவன் ஒற்றனாகத்தான் இருப்பான் என்பது போர்க்காலத்து அறிவு. புலவர் பிழைப்பு பிறருக்குத் தீங்கு அறியாதது என்று பாடி, அவனையும் மீட்டவர் கோவூர் கிழார்தாம். மலையமானின் சிறுவரை யானைக்காலில் இடக் கிள்ளிவளவன் முனைந்தபோதும் அவரே குறுக்கே நின்றார். அச்சிறுவர் யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்து, மன்றத்தை மருண்டு பார்த்துக்கொண்டிருந்தனராம்.

பிற்பகல் புறப்பாட்டு அரங்கில் பொன்முடியாரையும் மாசாத்தியாரையும் படிக்க இருப்பதாக நிகழ்ச்சி நிரலில் கண்டேன். கோவூர் கிழாரின் இந்நான்கு பாட்டுகளையும், நாற்பத்து நான்கு முதல் நாற்பத்தேழு வரை, அவற்றோடு சேர்த்துப் படிக்குமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். நேரம் போதாதெனில் என் உரையின் நேரத்தில் மிஞ்சியதை அதற்கு எடுத்துக்கொள்ளலாம்.