மக்கள்தொகை மாற்றமும் நம் பிள்ளைகளின் கல்லூரிக் கல்வியும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளி விழா என்றால் கடந்து வந்த வழியைப் பாராட்டிப் பேசுவது மரபு. அப்பணியை நமக்கு முன் பேசிய அன்பர்கள் குறைவின்றிச் செய்து முடித்துவிட்டார்கள். நமக்கு அளிக்கப்பட்ட பொருளோ சற்று வறண்டது; எண்களோடு மல்லுக்கு நிற்பது. ஆயினும் அவ்வெண்களுக்குப் பின்னே நம் வீட்டுப் பிள்ளைகள் நிற்கின்றார்கள் ஆதலின், சிறிது பொறுமையோடு செவிசாய்க்க வேண்டுகிறோம்.

தமிழ்நாட்டில் பிறக்கும் குழந்தைகள் குறைந்து வருகின்றனர். 1970களின் தொடக்கத்தில் இம்மாநிலத்துத் தாய் ஒருத்தி சராசரியாக ஏறத்தாழ நான்கு குழந்தைகளைப் பெற்றாள். 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி அச்சராசரி 1.4 மட்டுமே. ஒரு தலைமுறையின் இடத்தை அடுத்த தலைமுறை குறைவின்றி நிரப்ப வேண்டுமாயின் இவ்வெண் 2.1 ஆக இருத்தல் வேண்டும் என்பர் அறிஞர். அந்த எல்லைக்குக் கீழே நாம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டியே இறங்கிவிட்டோம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் மொத்த மக்களில் நூற்றுக்குப் பத்தளவே இருந்தனர்.

இது எப்படி நேர்ந்தது? கருத்தடையைப் பற்றித் தந்தை பெரியார் 1930களிலேயே மேடையேறிப் பேசியது ஒருபுறம் இருக்கட்டும். காமராசர் ஆட்சியில் ஊர்தோறும் பள்ளிகள் வந்தன. 1956இல் மதிய உணவு வந்தது. 1982இல் அது சத்துணவாக விரிந்தது. பெண் படித்தாள், திருமண வயது தள்ளிப் போயிற்று, பெற்ற பிள்ளை பிழைத்தது. பிள்ளை பிழைக்கும் என்ற துணிவு வந்த பின் பிள்ளைகளின் எண்ணிக்கை தானே குறைந்தது. கல்வியே மக்கள்தொகையை மாற்றிற்று. இன்று அம்மாற்றம் கல்வியை என்ன செய்யப் போகிறது என்பதுதான் நம் முன் உள்ள வினா.

பலர் எளிதாக ஒரு விடை கூறுகின்றனர். “பிள்ளைகள் குறைவு, கல்லூரிகள் மிகுதி, ஆகவே கேட்டவர்க்கெல்லாம் இடம் கிடைக்கும், இனி எதற்குப் போராட்டம், எதற்கு ஒதுக்கீடு?” என்பது அவ்விடை. கேட்பதற்கு இனிய கணக்குத்தான். இக்கணக்கைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம்.

உயர்கல்வியில் ஒரு மாநிலத்தின் நிலையைக் கூற ‘மொத்தச் சேர்க்கை விகிதம்’ என்னும் அளவைக் கையாளுகின்றனர். கல்லூரியில் சேர்ந்துள்ளோர் தொகையை மேலே எழுதி, பதினெட்டு முதல் இருபத்து மூன்று வயது வரையுள்ளோர் தொகையைக் கீழே எழுதி, நூற்றுக்கு எத்தனை என்று காண்பது. 2021-22இல் இந்தியா முழுமைக்கும் இது 28.4, தமிழ்நாட்டில் 47. பெருமைக்குரிய எண் என்பதில் ஐயமில்லை. ஆனால் பின்னத்தின் இயல்பை நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். கீழ் எண் சுருங்கினால், மேலே ஒருவர் கூடக் கூடாத நிலையிலும் விகிதம் உயரும். பிறப்புக் குறைந்த மாநிலத்தில் கல்லூரி வாயில் ஓர் அங்குலமும் அகலாமலே ஏடுகளில் வளர்ச்சி தோன்றக்கூடும். கீழ் எண் மதிப்பீட்டைச் சார்ந்தது என்பதும் நினைவிருக்கட்டும். 2019-20இல் இம்மாநிலத்தின் விகிதம் 51.4 என்று அச்சிட்டார்கள். அடுத்த ஆண்டு அறிக்கையில் அது 46.9 ஆயிற்று. இவ்வீழ்ச்சிக்குச் சேர்க்கை குறைந்தது மட்டும் காரணம் அன்று. இளைஞர் தொகையை அதுகாறும் 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் அடிப்படையில் மதிப்பிட்டவர்கள், அதனை 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்கு மாற்றினார்கள் என்பதும் ஒரு காரணம். 2021இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்போ அவ்வாண்டு எடுக்கப்படவே இல்லை. மேடையில் ஒருவர் விகிதத்தைக் கூறும்போது கைதட்டுவதற்கு முன், “கீழே எந்த எண்ணை வைத்தீர்கள், ஐயா?” என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

இனி, அந்த 47 என்னும் சராசரிக்குள் நாம் எங்கே இருக்கிறோம்? அதே ஆண்டில் பட்டியல் இனத்தாரின் விகிதம் 40க்குச் சற்றுக் கீழே நின்றது. எழுத்தறிவிலும் இதே தொலைவு. 2001இல் தமிழ்நாட்டின் எழுத்தறிவு நூற்றுக்கு 73.45. நம் மக்களின் எழுத்தறிவு 73.26 ஆனது 2011இல். மாநிலம் நின்ற இடத்திற்கு நாம் வந்து சேரப் பத்தாண்டுகள் ஆயின. வந்து பார்த்தால் மாநிலம் 80ஐத் தாண்டிச் சென்றிருந்தது.

இன்னொன்றையும் கருத வேண்டும். மாநிலத்தின் மக்கள்தொகை மெதுவாக வளரும்போது எல்லாப் பிரிவும் ஒரே அளவில் வளர்வதில்லை. 2001க்கும் 2011க்கும் இடையே தமிழ்நாட்டின் மக்கள்தொகை நூற்றுக்கு 15.6 கூடியது, பட்டியல் இனத்தார் தொகை 21.8 கூடியது. 1971இல் மாநில மக்களில் நாம் 17.8 விழுக்காடு; 1981இல் 18.35, 2011இல் 20.01. தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் சேர்த்து 18 விழுக்காடு என ஒதுக்கீடு உயர்த்தப்பட்டது 1971இல். பிற்பாடு பழங்குடியினர்க்குத் தனியே ஒரு விழுக்காடு பிரித்தளிக்கப்பட்டது. 2009இல் நம் பதினெட்டுக்குள்ளே அருந்ததியர்க்கு மூன்று விழுக்காடு உள் ஒதுக்கீடு ஆயிற்று. அது தேவையானதே என்பது நம் உறுதியான கருத்து. கடைக்கோடியில் நின்றவரை முன்னே அழைக்காத சமூகம் பிறரிடம் நீதி கேட்கத் தகுதியற்றது. ஆனால் பதினெட்டு என்னும் எல்லை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஐவரில் ஒருவராய் உள்ள மக்களுக்கு நூற்றில் பதினெட்டு இடம் என்பது எந்த வாய்பாட்டில் உள்ளது? அடுத்த கணக்கெடுப்பின் எண்கள் வெளிவரும் நாளில் இக்கேள்வியை நாம் ஆதாரத்தோடு எழுப்பியாக வேண்டும்.

இப்போது ‘காலி இடங்கள்’ என்னும் பேச்சுக்கு வருவோம். இதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். நம் குடும்பங்கள் ஏமாறும் இடம் இதுவே. தமிழ்நாட்டில் தனியார் சுயநிதிப் பொறியியற் கல்லூரிகள் 1984இல் தொடங்கின. இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அவை காளான் போல் பெருகின. அரசினர் கல்லூரிகளையும் சேர்த்துத் தொகை ஐந்நூறைக் கடந்தது. அவ்வகுப்பறைகளில் வந்து அமர வேண்டிய பிள்ளைகள் எத்தனை பேர் என்பது பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே பிறப்புப் பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தது. கட்டடம் கட்டியவர்கள் அதைப் புரட்டிப் பார்க்கவில்லை போலும்! வேலைவாய்ப்பின் சரிவும் சேர்ந்துகொள்ள, பல கல்லூரிகளில் இருக்கைகள் காலியாயின, சில மூடப்பட்டன.

மூடாத கல்லூரிகள் எங்கே ஆள் தேடின? நம் தெருவுக்கு வந்தன. தேர்வு முடிவு வெளிவருமுன்பே தரகர்கள் வந்தார்கள். “கட்டணம் ஒரு காசும் வேண்டாம், அரசு உதவித்தொகை கட்டிவிடும், விடுதி உண்டு, பேருந்து உண்டு, சான்றிதழை மட்டும் கொடுங்கள்” என்றார்கள். 1944 முதல் இந்நாட்டில் நடைமுறையிலுள்ள, நம் மக்கள் கல்லூரிப் படியேறத் துணை நின்ற உயர்கல்வி உதவித்தொகை, பிள்ளைகள் கிடைக்காத நிறுவனங்களுக்கு உயிர் கொடுக்கும் மருந்தாயிற்று. ஆசிரியர் போதாமலும் ஆய்வுக்கூடம் பூட்டியும் கிடந்த இடங்களில் சேர்ந்த பிள்ளை, முதலாண்டுக் கணக்கிலும் ஆங்கிலத்திலும் தவறி, நிலுவைத் தாள்களைச் சுமந்துகொண்டு வீடு திரும்பியதை நாம் கண்டிருக்கிறோம். உதவித்தொகை வரக் காலம் தாழ்ந்தால், “பணத்தைக் கட்டிவிட்டுச் சான்றிதழை எடுத்துக்கொள்” என்று நிறுத்தி வைத்ததையும் கண்டிருக்கிறோம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்தல் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்தது. அவ்வறிவிப்பை அறிந்த தந்தை நம் ஊர்களில் எத்தனை பேர்?

ஆகவே இடம் காலியாக இருத்தல் வேறு. வாயில் திறந்திருத்தல் வேறு. நல்ல அரசினர் கல்லூரியில், நல்ல பாடத்தில், போட்டி சிறிதும் குறையவில்லை. குறைந்த பிள்ளைகளைப் பெற்ற வசதியுள்ள குடும்பம், முன்பு நால்வருக்குப் பகிர்ந்த பொருளை இன்று ஒரு பிள்ளைக்கே கொட்டுகிறது. தனிப்பயிற்சி, தனிப்பள்ளி, விடுதி, நுழைவுத் தேர்வுப் பயிற்சி என்று. நம் வீட்டிலும் இரு பிள்ளைகள்தாம். ஆனால் கொட்டுவதற்குப் பொருள் இல்லை. பிறப்புக் குறைவினால் விளையும் நன்மைகூட முன்பே உள்ளவர்க்கே முதலில் போய்ச் சேருகிறது.

இட அமைப்பையும் பாருங்கள். பொறியியற் கல்லூரிகள் சென்னையைச் சூழ்ந்தும், கோவை, ஈரோடு, நாமக்கல், சேலம் பகுதியிலும் நெருங்கிக் கிடக்கின்றன. நம் மக்களோ மூவரில் ஒருவராக வாழ்வது திருவாரூர் மாவட்டத்தில். கீழத்தஞ்சை வயலில் நாற்று நடும் தாயின் மகளுக்கு, நூற்றுக்கணக்கான கல் தொலைவில் ஓர் இருக்கை காலியாக உள்ளது என்னும் செய்தியால் ஆவது என்ன? அவளுக்குத் தேவை பாதுகாப்பான ஒரு விடுதி.

பள்ளிகளின் நிலையைச் சுருக்கமாகக் கூறி மேற்செல்வோம். பிள்ளைகள் குறைந்த ஊர்களில் தொடக்கப் பள்ளிகளை மூடுதல், இணைத்தல் என்னும் பேச்சு எழுந்துள்ளது. மாணவர் இல்லாத 46 பள்ளிகள் 2019இல் நூலகங்களாக மாற்றப்பட்டன. பிறப்புக் குறைவு மட்டுமே இதற்குக் காரணம் என்று கூறுதல் பொருந்தாது. ஊர்த்தெருப் பிள்ளைகள் வேனில் ஏறி நகரத்து ஆங்கிலப் பள்ளிக்குச் சென்றுவிட்டார்கள். அரசுப் பள்ளியில் எஞ்சியவர் நம் பிள்ளைகள். எஞ்சியவர் சிலரே என்பதற்காகப் பள்ளியை மூடினால், அடுத்த ஊருக்கு நடந்து போக வேண்டியதும் நம் பிள்ளையே. அந்நடை வழி எந்தத் தெருவின் ஊடே செல்கிறது என்பதை இங்குள்ளோர்க்கு விளக்க வேண்டியதில்லை. 2023ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித் துறையோடு இணைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டபோது நம் மக்களிடையே எதிர்ப்புக் கிளம்பியது. ஊர்ப் பள்ளிகள் நம் பாட்டன்மாரை உள்ளே விடாத காலத்தில், 1920ஐ ஒட்டித் தொழிலாளர் துறையின் வழியாகத் திறக்கப்பட்ட பள்ளிகளின் வழித்தோன்றல்கள் அவை. அவற்றின் கூரையும் ஆசிரியர் எண்ணிக்கையும் குறையுடையன என்பதை நாமும் மறுக்கவில்லை. கூரையைச் செப்பனிடுங்கள் என்று கேட்பவனிடம் வீட்டையே ஒப்படைக்கச் சொல்வது முறையாகுமா?

ஆயினும் இம்மாற்றத்தில் நமக்கென்று ஒரு நற்பயனும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. முன்பு ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டில் மூத்த பெண் தம்பி தங்கையரைச் சுமந்தாள், பள்ளியை மறந்தாள். இன்று சுமக்கத் தம்பியும் தங்கையும் இல்லை. அவள் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கிறாள். 2010 முதல் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை வந்தது; 2020இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும், அடுத்த ஆண்டு பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் அவ்வாறே ஒதுக்கீடும் வந்தன. 2022இல் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்ணுக்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் தரும் திட்டமும், 2024இல் ஆண் பிள்ளைக்கு அது போன்றதும் வந்தன. ஆயிரம் ரூபாய் பேருந்துக்கும் ஏட்டுக்கும் ஆகும். வீட்டிலிருந்து கூலிக்குப் போகச் சொல்லும் குரலைச் சற்றே தணிக்கவும் ஆகும்.

எனவே நம் சங்கம் அடுத்து எங்கே உழைக்க வேண்டும்? இருபத்தைந்து ஆண்டுகட்கு முன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று வீடு வீடாகச் சென்று இரந்தோம். இன்று அனுப்புகிறார்கள். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், யாரிடம் சான்றிதழ் என்னும் மூன்று கேள்விகளுக்குத்தான் விடை தெரியாமல் தவிக்கிறார்கள். இணைவுக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டைப் பருவந்தோறும் அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. அப்பட்டியலைப் பார்த்த பின்னரே விண்ணப்பத்தில் கல்லூரியின் பெயரை எழுத வேண்டும். தரகர் வருமுன் நாம் அவ்வீட்டுக்குச் சென்றிருக்க வேண்டும்.

நம் ஊர்களில் ஐந்து வயது முதல் இருபத்து மூன்று வயது வரையுள்ள பிள்ளைகள் எத்தனை பேர், எவர் எந்த வகுப்பில், எவர் இடையில் நின்றவர், எவருடைய சான்றிதழ் எங்கே சிக்கியுள்ளது என்னும் கணக்கு அரசிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை. நம் பின்னத்தின் கீழ் எண்ணை நாமே எண்ணி வைத்துக்கொள்வோம். வரும் சித்திரைக்குள் இதனை முடிக்கலாம் என்று கருதுகிறோம். ஊருக்கு இருவர் வீதம், ஒருவர் கட்டாயம் பெண்ணாக, பெயர் தர முன்வருவோர் இக்கூட்டம் முடிந்ததும் செயலாளர் அவர்களிடம் எழுதித் தருமாறு வேண்டுகிறோம். படிவங்கள் வாயிலருகே உள்ள மேசையில் வைக்கப்பட்டுள்ளன.