ராம நவமிக்கு மறுநாள்

(பெங்களூரில் நடந்த நமது சங்கக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அன்னதானம் பற்றிப் பேசும்படி நம் செயலாளர் கேட்டுக்கொண்டார். இந்தத் தலைப்பில் உபன்யாசமே செய்யக்கூடியவர்கள் இந்தச் சபையில் பலர் இருக்கிறார்கள். நான் சாஸ்திரம் வாசித்தவன் அல்ல. ரசாயனத்தில் பி.எஸ்ஸி. முடித்து, முப்பத்தைந்து வருஷம் அரசாங்கத்தில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவன். வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. எங்கள் பேட்டையில் மளிகைப் பொருள் சேர்த்து இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் ஒரு சிறு குழுவில் ஸ்டாக் ரிஜிஸ்டர் எழுதுவதுதான் இப்போது என் உத்தியோகம். அந்த ரிஜிஸ்டர் எனக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

பெங்களூரில் ராம நவமி எப்படி நடக்கும் என்று இங்குள்ளவர்களுக்குத் தெரியும். வெளியூர் அங்கத்தினர்களுக்காகச் சொல்கிறேன். தெருவுக்குத் தெரு பந்தல். பானகம், நீர்மோர், நாம் வடைப்பருப்பு என்றும் இவர்கள் கோசம்பரி என்றும் சொல்வது, எல்லாம் போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். எங்கள் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குள் நாலு பந்தல். மூன்றாவது பந்தலிலேயே "போதும், வயிறு இடம் கொடுக்கவில்லை" என்று சொல்லவேண்டியிருக்கும். மத்தியானத்துக்குமேல் மிச்சம் இருப்பதை என்ன செய்வது என்று தெரியாமல் தொண்டர்கள் தவிப்பார்கள்.

அந்த நாட்களை ஒட்டித்தான் கர்நாடகத்தில் பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை ஆரம்பமாகிறது. ஏப்ரல் இரண்டாவது வாரம் மூடினால் மே கடைசியில்தான் திறப்பார்கள். நம் பேரன் பேத்திகளுக்கு விடுமுறை என்றால் கொண்டாட்டம். அரசுப் பள்ளிக் குழந்தைக்கு விடுமுறை என்றால், நாளைக்கு ஒரு வேளைச் சாப்பாடு நின்றுபோகிறது என்று அர்த்தம். தசரா விடுமுறையிலும் இதே கதைதான். நம் வீடுகளில் ஒன்பது நாளும் சுண்டல் நிறைந்திருக்கும்போது, அங்கே சத்துணவு அடுப்பு அணைந்திருக்கும்.

மதிய உணவுத் திட்டம் சின்ன விஷயம் அல்ல. 2001 நவம்பர் 28ஆம் தேதி, அரசுப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு கொடுத்தே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கும் முன்பாக, 2000ஆம் வருஷம் இதே பெங்களூரில் ஐந்து பள்ளிகளில் 1,500 குழந்தைகளுக்கு உணவளிக்கத் தொடங்கியது அட்சய பாத்திர அறக்கட்டளை. அது இன்று பல மாநிலங்களில் பெரிய பெரிய சமையற்கூடங்களோடு இயங்குகிறது. 2004இல் உச்ச நீதிமன்றம் மேலும் ஒரு படி போய், வறட்சிப் பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு கொடுக்கவேண்டும் என்றது. அதன்படி கர்நாடக அரசு 2024 கோடையில் வறட்சித் தாலுகாக்களில் விடுமுறையிலும் உணவு கொடுத்தது. ஆனால் அதற்கு வறட்சி அறிவிக்கப்படவேண்டும். மழை நன்றாகப் பெய்த வருஷத்திலும் குழந்தைக்குப் பசிக்குமே!

இப்போது என் சொந்தக் கதை ஒன்று. வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் என் பேரனுக்குப் பூணூல் போட்டோம். முந்நூறு பேருக்கு இலை சொல்லியிருந்தோம். வந்தது இருநூறு சொச்சம். மத்தியானம் பாத்திரம் பாத்திரமாக சாம்பார், தயிர் சாதம், கூட்டு மிச்சம். மிச்ச உணவை எடுத்துப்போய் விநியோகிக்கும் தொண்டர்களின் நம்பரை யாரோ கொடுத்தார்கள். நாலு மணிக்கு ஒரு பையன் வண்டியோடு வந்தான். நான் பெருமையாகப் பாத்திரங்களைக் காட்டினேன். அவன், "சார், எத்தனை மணிக்குச் சமைத்தது?" என்று கன்னடத்தில் கேட்டான். "காலை ஒன்பதரை, பத்து." "அதற்கப்புறம் சூடாகவே வைத்திருந்தீர்களா?" இல்லை. "அப்படியானால் இதை எடுக்க முடியாது சார்" என்றான்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. பசிக்கிறவனுக்குக் கொடுப்பதற்குக்கூட இவன் பர்மிஷன் வேண்டுமா என்று இரைந்தேன். அவன் பதில் பேசாமல் நறுக்காத காய்கறிகளையும், பிரிக்காத அரிசி மூட்டையையும் மட்டும் ஏற்றிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனான். மீதி எல்லாம் சாக்கடைக்குப் போயிற்று.

ராத்திரி தூக்கம் வரவில்லை. படித்த ரசாயனம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. சமைத்த உணவில் ஏறக்குறைய 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிகள் பெருகும் நிலை. அரிசியில் இருக்கும் ஒருவகை பாக்டீரியாவின் விதைகள் கொதியிலும் சாவதில்லை. சாதம் ஆறிக் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். திரும்பச் சூடு செய்தாலும் அந்த நஞ்சு போகாது. 2019இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் மிச்ச உணவைச் சேகரித்து விநியோகிப்பதற்கென்றே விதிமுறைகள் வெளியிட்டிருக்கிறது. அந்தப் பையனுக்குத் தெரிந்தது பட்டதாரியான எனக்குத் தெரியவில்லை. என் பேரனுக்கு அந்த நாலு மணித் தயிர் சாதத்தை நான் கொடுத்திருப்பேனா? மாட்டேன். பின் யாரோ ஒரு குழந்தைக்கு அது போதும் என்று நினைத்தேனே, அதுதான் என்னைக் குத்தியது.

2012இல் இங்குள்ள வேளாண் விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து, பெங்களூர் கல்யாண மண்டபங்களில் வருஷத்துக்கு 943 டன் நல்ல உணவு வீணாகிறது என்று கணக்குச் சொன்னார்கள். அதில் என் வீட்டுப் பங்கும் உண்டு என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மறுவாரம் அந்தப் பையனைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, "சார், உங்களுக்குக் கணக்கு எழுத வருமா?" என்றான். அவன் அறிமுகத்தில் வந்ததுதான் இந்த ரிஜிஸ்டர் உத்தியோகம்.

ரிஜிஸ்டரைப் புரட்டினால் ஒன்று கண்ணில் படும். நவராத்திரி, தீபாவளி மாதங்களில் வரவுப் பக்கம் நிரம்பி வழிகிறது. டிசம்பரில் கிறிஸ்துமஸ், புத்தாண்டை ஒட்டி ஐ.டி. கம்பெனி இளைஞர்கள் பெட்டி பெட்டியாகக் கொண்டுவருகிறார்கள். தொண்டு செய்ய வருகிறவர்களுக்கு வேலை கொடுக்க முடியாமல் திருப்பி அனுப்பியிருக்கிறோம். சித்திரை, வைகாசியில் அரைப் பக்கம்கூட நிரம்புவதில்லை. தொண்டர்களும் ஊருக்குப் போய்விடுகிறார்கள். வாங்க வருகிறவர்களின் வரிசை மட்டும் அப்போதுதான் நீளுகிறது. இது நம் ஊர் வழக்கம் மட்டும் அல்ல. 1967இல் உலகத்தின் முதல் உணவு வங்கி அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரில் தோன்றியது. அந்த நாட்டிலும் நவம்பர், டிசம்பரில் கொடை குவியும். கோடையில் பள்ளி மூடும்போது அலமாரி காலியாகும். பிள்ளை வீட்டுக்குப் போய்வந்தவர்கள் கேட்டுப் பாருங்கள். நம் தர்மம் பஞ்சாங்கம் பார்த்து வருகிறது. பசி பஞ்சாங்கம் பார்ப்பதில்லை.

"அரசாங்கம்தான் ரேஷனில் அரிசி கொடுக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். உண்மை, அதனால் பெரிய பசி தீர்ந்திருக்கிறது. ஆனால் கட்டட வேலைக்கு வெளியூரிலிருந்து வந்து, கார்டு ஊரில், வயிறு இங்கே என்று இருப்பவர்கள் எத்தனை பேர்! "முதலில் நம்மவர்களைப் பார்ப்போம்" என்றும் சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்.

2020 மார்ச் 25ஆம் தேதி ஊரடங்கு வந்தது. கோயில் மூடியது, கல்யாணம் நின்றது. வயதானவர்கள் வெளியே வரக்கூடாது என்பதால் நான் வீட்டிலிருந்தே டெலிபோனில் தேவைப்பட்டவர்களின் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு குரல் தயங்கித் தயங்கி, "அரிசி, பருப்பு கிடைக்குமா?" என்றது. பெயர் கேட்டேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "மாமா, நான்தான். உங்காத்துப் பெண் கல்யாணத்துக்கு நான்தான் சமைச்சேன்" என்றார். எத்தனையோ ஆயிரம் பேருக்கு இலை போட்ட கை. "லிஸ்ட்ல என் பேர் மட்டும் எழுதாதீங்கோ மாமா" என்றார். நான் பெயர் எழுதவில்லை. 41 என்று எண் மட்டும் எழுதினேன். அன்றிலிருந்து எங்கள் ரிஜிஸ்டரில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். பை கொடுக்கும்போது போட்டோவும் கிடையாது. வரிசையில் நம்மவரும் நிற்கலாம், அடுத்தவரும் நிற்கலாம். கொடுக்கிற இடத்தில் அதைக் கேட்கவேண்டிய அவசியமே இல்லை என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்த 41தான்.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்? புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம். காஞ்சி மகா பெரியவர் பிடி அரிசித் திட்டம் என்று சொன்னதை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். உலையில் அரிசி போடுமுன் தினமும் ஒரு பிடி தனியே எடுத்துவைப்பது. கூடவே ஒரு காசு. அதைச் சேர்த்துக் கோயிலில் நைவேத்யம் செய்து ஏழைகளுக்குப் போடுவது. இதிலே 'தினமும்' என்பதுதான் முக்கியம் என்று எனக்கு இப்போது புரிகிறது.

சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். என் பிடி சுமார் 50 கிராம். நூறு குடும்பம் எடுத்துவைத்தால் நாளொன்றுக்கு 5 கிலோ. கோடை விடுமுறை 50 நாள் என்று வைத்துக்கொண்டால் 250 கிலோ. 5 கிலோ பையாக 50 குடும்பங்களுக்கு ஆகும். பிடியோடு தினம் 5 ரூபாய் போட்டால் அதே நூறு குடும்பம் 50 நாளில் 25,000 ரூபாய் சேர்க்கும். அது பருப்புக்கும் எண்ணெய்க்கும். எங்களிடம் அரிசி வரும். எப்போதும் தட்டுப்படுவது இவை இரண்டும்தான்.

ஒரு நடைமுறைச் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். நூறு வீட்டு அரிசியை ஒன்றாகக் கொட்டினால் ஒன்று குழையும், ஒன்று வேகாது. பச்சரிசியும் புழுங்கலும் கலந்து கிடக்கும். நாங்கள் பட்ட பாடு! இதற்கு என் மனைவி சொன்ன வழி: டப்பாவில் சேர்ந்ததை மாதக் கடைசியில் நாமே சமைத்துக்கொள்வது, அதே எடைக்கு எல்லோருமாக ஒரே ரகத்தில் புது அரிசி வாங்கிக் கொடுப்பது.

இன்னும் மூன்றே விண்ணப்பம். விசேஷம் வைத்தால், மிச்சம் எடுக்கிறவர்களிடம் முதல் நாளே பேசுங்கள். இலையில் கை வைக்கும்முன் தனியாக எடுத்து, சூடாக வைத்து, உடனே அனுப்புங்கள். பிறந்தநாள், சிராத்தம், சஷ்டியப்தபூர்த்தி என்று நீங்கள் கொடுக்க நினைப்பதில் ஒரு பாதியைச் சித்திரை, வைகாசிக்கு ஒத்திவையுங்கள். ஓய்வு பெற்றவர்கள் வாரத்தில் ஏதாவது ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை இரண்டு மணி நேரம் வந்து பை கட்டுங்கள். முழங்கால் வலிக்கிறவர்களுக்கு நாற்காலி போடுகிறோம்.

எங்கள் வீட்டில் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது. ராம நவமிக்கு மறுநாள் காலையும் என் மனைவி அதில் ஒரு பிடி போடுவாள். உங்கள் ஊர்க் கிளையிலும், உங்கள் சமையலறையிலும் அப்படி ஒரு பாட்டில் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.