இரும்புக்குள் இருப்பதை அறிதல்



போடியில் ஏலக்காய் ரகம் பிரிக்கும் பெண்கள் காயை உடைத்துப் பார்ப்பதில்லை. நிறமும் பருமனும் கைக்குப் படும் கனமும் போதும். இயற்பியலிலும் உடைக்காமல் உள்ளே இருப்பதை அறியும் இந்த வேலை உண்டு.

போடிக்குப் பக்கத்தில் பொட்டிப்புரம் மலையைக் குடைந்து, நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராயும் ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 50,000 டன் இரும்பைத் தகடு தகடாக அடுக்கிக் காந்தமாக்குவது திட்டம். நியூட்ரினோ இரும்பில் மோதினால் மியூவான் என்னும் மின்னேற்றத் துகள் பிறக்கும். நேர்மின் மியூவான் ஒரு பக்கம் வளையும், எதிர்மின் மியூவான் மறுபக்கம். வந்தது நியூட்ரினோவா, எதிர்நியூட்ரினோவா என்பதை அந்த வளைவுதான் சொல்லும். அதற்கு இரும்புக்குள் காந்தப்புலம் எவ்வளவு என்று தெரிய வேண்டும். கெட்டி இரும்புக்குள் கருவியை எங்கே நுழைப்பது? மதுரையில் 85 டன்னில் கட்டிய சிறு மாதிரியில் தகட்டைச் சுற்றிக் கம்பிச்சுருள் போட்டார்கள். தகடுகளுக்கு நடுவே விட்ட இடுக்கில் காந்தப்புலத்தை அளக்கும் ஹால் உணரிகளைச் செருகினார்கள்.

இதே மியூவான் நானோ அளவிலும் உளவு சொல்கிறது. சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தில் வேகம் குறைத்த நேர்மின் மியூவான்களை உலோகப் படலத்துக்குள் செலுத்துகிறார்கள். ஆற்றலைக் கூட்டிக் குறைத்து, மேற்பரப்புக்குக் கீழே சில நானோமீட்டரிலோ நூறு நானோமீட்டரிலோ நிறுத்தலாம். மியூவானே ஒரு குட்டிக் காந்தம். நின்ற இடத்துப் புலத்துக்கேற்ப அதன் அச்சு சுழலும், சராசரியாக 2.2 மைக்ரோ வினாடியில் சிதைந்து பாசிட்ரான் என்னும் துகளை வீசும். பாசிட்ரான்கள் போன திசைகளை எண்ணினால் உள்ளிருந்த புலம் தெரிந்துவிடும். படலத்தில் ஒரு கீறல்கூட விழாது.

படலத்துக்குள் இருக்கும் புலத்தை அறிவதால் என்ன பயன் என்று, பட்டம் பெறும் உங்களின் பெற்றோர்கள் கேட்கலாம். நானோமீட்டர் தடிமனில் இரும்பு, குரோமியம், இரும்பு என்று அடுக்கினால், உள்ளே காந்தத் திசை மாறும்போது மின்தடை வெகுவாக மாறுகிறது. இதை 1988இல் ஃபெர்ட்டும் கிரூன்பெர்க்கும் தனித்தனியே கண்டார்கள், 2007இல் நோபல். பிராஜெக்ட் ரிப்போர்ட்டை நீங்கள் சேமித்த ஹார்டு டிஸ்க்கின் படிக்கும் முனை அந்த வழியில் வந்ததுதான். எஸ்.எஸ்.டி. வைத்திருப்பவர்கள் மன்னிக்கவும்.

ஆனால் பொட்டிப்புரத்தில் ஆய்வக வேலை நடக்கவில்லை. மதிகெட்டான்–பெரியாறு புலி வழித்தடத்தைக் காட்டி, 2022இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்புத் தெரிவித்தது. எனக்கு அந்த ஆய்வகத்தின் மேல் ஆசை உண்டு. ஆனாலும் பாறைக்கு வெடி வைத்தால் தண்ணீர் என்னாகும் என்று கேட்ட சம்சாரிகளை விவரம் தெரியாதவர்கள் என்று தள்ளியதில் எனக்கு உடன்பாடில்லை. அது நிலவியல் கேள்வி. பதில் தமிழில், அவர்கள் திண்ணைக்கே போயிருக்க வேண்டும்.

2023 முதல் போடியிலிருந்து மதுரைக்கு மறுபடி ரயில் ஓடுகிறது. அனுமதி வாங்கி அந்த 85 டன் காந்தத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஊரில் யாராவது கேட்டால் உட்கார்ந்து விளக்குங்கள். வெடியைப் பற்றிய கேள்வியையும் சேர்த்து.