நடுத்திட்டு நமக்கு ஒதுங்குற இடம்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பைப் பத்திப் பேசியாச்சு. சுழல் நிதி, வங்கிக் கடன், தவணை எல்லாம் எனக்கு முன்னால பேசினவங்க நல்லாவே சொல்லிட்டாங்க. எனக்குக் கொடுத்த நேரத்துல நான் ரோட்டைப் பத்திப் பேசப் போறேன். "சங்கத்துக்கும் ரோட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?"னு சிலருக்குத் தோணும். பேச்சு முடியறதுக்குள்ள அது உங்களுக்கே புரிஞ்சிடும்.

பெரிய ரோட்டைக் கடக்கும்போது நடுவுல கொஞ்சம் உயரமா ஒரு திட்டு இருக்கும். நம்ம பேச்சுல அதை மீடியன்னு சொல்லுவோம், சென்டர்னு சொல்லுவோம். வெள்ளைக் கோடு போட்ட இடத்துல அந்தத் திட்டை வெட்டி, ஆள் நின்னு போறதுக்கு இடம் விட்டிருப்பாங்க. நடந்து போறவங்க பாதி ரோட்டைக் கடந்து, அங்கே நின்னு, அடுத்த பாதியில வர்ற வண்டியைப் பார்த்துட்டுப் போகணும்னுதான் அந்த இடத்தை விட்டிருக்காங்க. அதைத்தான் நான் நடுத்திட்டுன்னு சொல்றேன்.

அது எவ்வளவு பெரிய உதவின்னு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கு எழுதுறது நமக்குப் புதுசா என்ன? நாலு வழிச் சாலையில ஒரு பக்கம் ரெண்டு வழி. ஒரு வழி மூன்றரை மீட்டர்னா, ஒரு பக்கத்துக்கு 7 மீட்டர். வயசான ஒரு அம்மா நொடிக்கு ஒரு மீட்டர் நடப்பாங்கன்னு வச்சுக்குங்க. ஒரு பக்கத்தைக் கடக்க 7 நொடி ஆகும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்துல வர்ற ஒரு வண்டி அந்த 7 நொடிக்குள்ள ஏறக்குறைய 97 மீட்டர் வந்திடும். அப்படின்னா, நூறு மீட்டருக்குள்ள வண்டி இல்லைன்னா அந்த அம்மா பயமில்லாம நடுத்திட்டு வரைக்கும் போயிடலாம். அங்கே நின்னு மறுபக்கத்தையும் அதே மாதிரி பார்த்துக்கலாம்.

நடுவுல நிக்க இடமே இல்லைன்னா? மொத்தம் 14 நொடி. அதுக்குள்ள வண்டி 190 மீட்டருக்கு மேல வந்திடும். இந்தப் பக்கம் நூறு மீட்டருக்கும், மறுபக்கம் அவ்வளவு தூரத்துக்கும் ஒரே நேரத்துல ரோடு காலியா இருக்கணும். நம்ம ஊர் ரோட்டுல காலை எட்டு மணிக்கு அப்படி ஒரு நேரம் கிடைக்குமா? கிடைக்காது. அதனாலதான் ஜனங்க பாதி வரைக்கும் வந்துட்டு, வண்டிகளுக்கு நடுவுல கையை நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க.

இப்போ அந்த நடுத்திட்டுல என்ன நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும். இடைவெளி விட்ட இடத்துல ரெண்டு பைக் நிக்கும். பக்கத்துல லோடு ஆட்டோ ஒரு சக்கரத்தை மேல ஏத்தி நிறுத்தியிருக்கும். கேட்டா, "அஞ்சு நிமிஷம்தாம்மா, இந்தா எடுத்துடுறேன்"பாங்க. அந்த அஞ்சு நிமிஷத்துல எத்தனை பேர் கடப்பாங்க! பள்ளிக்கூடம் விட்ட நேரமா இருந்தா கேக்கவே வேண்டாம்.

போன வருஷம் நம்ம கூட்டமைப்பு உறுப்பினர் ஒருத்தர், பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க, சந்தைக்குப் போறதுக்காகக் கடந்திருக்காங்க. பாதி ரோடு வந்தாச்சு. திட்டுல பைக்குங்க நிக்குது, ஏற இடமில்லை. திட்டை ஒட்டிக் கீழேயே ரோட்டுல நின்னிருக்காங்க. பின்னால வந்த ஒரு வேன் உரசித் தள்ளிடுச்சு. இடுப்பு எலும்பு முறிஞ்சுது. மூணு மாசம் படுக்கை. அவங்க நடத்தின இட்லிக் கடை மூடிக் கிடந்துச்சு. கடை நடத்த வாங்கின கடனுக்குத் தவணை நின்னு போச்சு. அந்தக் குழுவுல மத்த பதினோரு பேரும் ஆளுக்குக் கொஞ்சமா போட்டுத்தான் தவணையைக் கட்டினாங்க. பைக்கை நிறுத்தினவர் வந்து வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிருப்பார். தன்னால என்ன ஆச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கக்கூட வாய்ப்பில்லை. சங்கத்துக்கும் ரோட்டுக்கும் உள்ள சம்பந்தம் இதுதாங்க.

நாடு முழுக்கப் பார்த்தாலும் இதே கதைதான். 2022-ஆம் ஆண்டு இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை சொல்லுது. அதுல 32,825 பேர் நடந்து போனவங்க. ஐந்தில் ஒருத்தர்னு வச்சுக்கலாம். அவங்க எந்த வண்டியையும் ஓட்டலை.

சரி, சட்டம் என்ன சொல்லுது? இதைக் கொஞ்சம் கவனமாக் கேளுங்க. தெரிஞ்சு வச்சிருந்தா யார்கிட்ட வேணும்னாலும் தைரியமாப் பேசலாம்.

முதல்ல, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 122-ஆம் பிரிவு. பொது இடத்துல மத்தவங்களுக்கு ஆபத்தோ, தடங்கலோ, தேவையில்லாத சிரமமோ வர்ற மாதிரி வண்டியை நிறுத்தி வைக்கக் கூடாதுன்னு அது சொல்லுது. நடுத்திட்டுன்னு பேர் போட்டிருக்கான்னு தேட வேண்டாம். ஜனங்க நிக்க வேண்டிய இடத்துல வண்டி நின்னா அது தடங்கல். அவ்வளவுதான்.

இரண்டாவது, மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், 2017. நடைபாதையிலும் பாதசாரிகள் கடக்கிற கோட்டிலும் வண்டி நிறுத்தக் கூடாது. சிக்னல் இல்லாத கடக்கும் இடத்துல நடந்து போறவங்களுக்குத்தான் முதல் வழி. வண்டிக்காரர்தான் வேகத்தைக் குறைச்சு வழி விடணும்.

மூன்றாவது, அபராதம். இந்த மாதிரி விதிமீறலுக்கு 177-ஆம் பிரிவுப்படி முதல் தடவை 500 ரூபாய் வரைக்கும், மறுபடியும் செஞ்சா 1,500 ரூபாய் வரைக்கும் போடலாம். நிறுத்தக் கூடாத இடத்துல நிக்கிற வண்டியைச் சீருடையில இருக்கிற காவல் அதிகாரி இழுத்துக்கிட்டுப் போகச் சொல்ல 127-ஆம் பிரிவுல அதிகாரம் இருக்கு. இழுத்துட்டுப் போற செலவு வண்டிக்காரர் தலையில. இது போக, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்திருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் 285-ஆம் பிரிவு இருக்கு. பொது வழியில ஆபத்தோ தடையோ ஏற்படுத்தினா 5,000 ரூபாய் வரை அபராதம்.

திட்டு மேல நிறுத்தினாத்தான் தப்பு, பக்கத்துல நிறுத்தலாம்னு சில பேர் நினைக்கிறாங்க. அதுவும் ஆபத்துதான். கடக்கிற இடத்தை ஒட்டி ஒரு வேன் நின்னா, அதுக்குப் பின்னால இருந்து ஒரு பிள்ளை ரோட்டுல கால் வைக்கிறது வர்ற டிரைவருக்குத் தெரியாது. பிள்ளைக்கும் வண்டி தெரியாது. ஜப்பான் நாட்டுச் சட்டத்துல, பாதசாரிகள் நிக்கிற திட்டு இருக்கிற இடத்துக்கு முன்னாலயும் பின்னாலயும் 10 மீட்டர் வரைக்கும் வண்டி நிக்கவே கூடாதுன்னு எழுதி வச்சிருக்காங்க. 

இன்னொரு விஷயம் நமக்கெல்லாம் பெருமையானது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012-ல் உச்ச நீதிமன்றத்துல ஒரு பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்குலதான் 2025 மே மாதம் நீதிமன்றம் சொல்லுச்சு: நல்ல நடைபாதை கிடைக்கிறது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தர்ற வாழும் உரிமையில சேர்ந்ததுன்னு. ஆக்கிரமிப்பை எடுக்கணும், மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்துற மாதிரி இருக்கணும்னும் சொல்லியிருக்கு. அதனால, "வண்டியை எடுங்க தம்பி"ன்னு நாம சொல்றது சண்டைக்குப் போறது ஆகாது. நம்ம உரிமையைக் கேக்குறோம்.

இப்போ கொஞ்சம் கசப்பான பேச்சு. திட்டுல நிக்கிற வண்டி எல்லாம் யாரோ வேத்து ஊர்க்காரங்க வண்டியா? நம்ம வீட்டுக்காரர் வண்டி, நம்ம மகன் வண்டி, நம்ம சங்கக் கடன்ல வாங்கின ஆட்டோ, அதுவும் அங்கே நிக்கத்தானே செய்யுது? வீட்டுக்குள்ள பேச வேண்டியது நாமதான். "கடைக்கு எதிர்ல இடம் இல்லைன்னா அம்பது அடி தள்ளி நிறுத்திட்டு நடந்து வாங்க"ன்னு சொல்லணும். போலீஸ்காரர் சொல்றதை விட அம்மா சொன்னா பையன் கேட்பான்.

அதே திட்டுல நம்ம உறுப்பினர்கள் சில பேர் பூக்கூடையும் பழக்கூடையும் வச்சு விக்கிறாங்க. இதைச் சொல்லாம விட்டா என் பேச்சுல நியாயம் இருக்காது. அவங்க வயித்துப் பாட்டுக்காக உட்கார்றாங்க. ரெண்டு பக்கமும் பஸ் போற இடத்துல உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உட்கார்றாங்க. அவங்களை விரட்டணும்னு நான் சொல்ல மாட்டேன். நல்ல இடம் வாங்கித் தரணும்னு சொல்றேன். சாலையோர வியாபாரிகளுக்காக 2014-ல் ஒரு சட்டம் வந்திருக்கு. அதுப்படி ஒவ்வொரு ஊருக்கும் நகர விற்பனைக் குழு இருக்கணும். அதுல குறைஞ்சது நூத்துக்கு நாற்பது பேர் வியாபாரிகளா இருக்கணும், அந்த வியாபாரிகள்ல மூணுல ஒரு பங்கு பெண்களா இருக்கணும். நம்ம பூக்கார அக்காங்க பேரைக் கணக்கெடுப்புல சேர்த்து, அடையாள அட்டை வாங்கி, நிழலும் தண்ணியும் இருக்கிற இடத்தைக் கேட்டு வாங்குறது நம்ம கூட்டமைப்போட வேலை. அந்த இடம் கிடைக்கிற வரைக்கும், வெள்ளைக் கோட்டுக்கு நேரா இருக்கிற இடைவெளியை மட்டுமாவது ஜனங்களுக்கு விட்டுட்டு உட்காருங்கன்னு கையெடுத்துக் கேட்டுக்கறேன்.

வழியில வண்டி நிக்குது, என்ன செய்றது? முதல்ல மரியாதையாச் சொல்லிப் பாருங்க. கேக்கலைன்னா வாக்குவாதம் வேண்டாம். பக்கத்துல போக்குவரத்துக் காவலர் இருந்தா சொல்லுங்க, இல்லைன்னா 100 அல்லது 112-க்குப் போன் பண்ணுங்க. தினமும் அதே இடத்துல நடக்குதுன்னா, நாள், நேரம், இடம் எழுதி, படம் எடுத்து, திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்துல மாவட்ட ஆட்சியர்கிட்ட மனுவாக் கொடுங்க. முதல்வரின் உதவி மையத்துக்கு 1100. மனு கொடுத்தா ரசீது எண்ணைக் கேட்டு வாங்கி தீர்மானப் புத்தகத்துல எழுதி வைங்க. பொது வழியில உள்ள தடையை அகற்றச் சொல்லி உத்தரவு போட கோட்டாட்சியருக்கு அதிகாரம் இருக்கு. திட்டே உடைஞ்சு கிடக்குதா, ஏற முடியாத உயரமா இருக்குதா? அது நகராட்சி ரோடா, நெடுஞ்சாலைத் துறை ரோடான்னு விசாரிச்சு அந்த அலுவலகத்துக்கு எழுதுங்க. ஒத்தை ஆளா எழுதினா ஒரு காகிதம். கூட்டமைப்பு முத்திரையோட எழுதினா அதுக்குப் பதில் வரும்.

நாமும் செய்ய வேண்டியது இருக்கு. இடைவெளி விடாத இடத்துல புடவையைத் தூக்கிச் செருகிக்கிட்டு மீடியனைத் தாண்டிக் குதிக்காதீங்க. திட்டுல நிக்கும்போது வண்டி வர்ற பக்கம் பார்த்து நில்லுங்க, போனைப் பைக்குள்ள போடுங்க, பிள்ளை கையை விரலைப் பிடிக்காம மணிக்கட்டோட பிடிங்க. முக்கியமா ஒண்ணு: இந்தப் பக்கத்துல இருந்து கால் எடுத்து வைக்கிறதுக்கு முன்னாலயே நடுத்திட்டு காலியா இருக்கான்னு பாருங்க. வண்டி நிறைஞ்சு கிடந்தா அந்த இடத்துல இறங்காதீங்க. பத்தடி நடந்தா வேற இடம் கிடைக்கும்.

நிறைவா, இந்தப் பொதுக்குழுவுக்கு மூணு தீர்மானம் வைக்கிறேன். ஒண்ணு, ஒவ்வொரு குழுவும் தன் பகுதியில பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கிற கடக்கும் இடங்களைப் பட்டியல் எடுத்து, அடுத்த மாதக் கூட்டத்துல கொடுக்கணும். ரெண்டு, அந்தப் பட்டியலோட கூட்டமைப்பு சார்பா ஆட்சியர்கிட்டயும் போக்குவரத்துக் காவல் பிரிவுலயும் மனு கொடுக்கணும். மூணு, வாகனக் கடன் கேட்டு வர்ற ஒவ்வொரு உறுப்பினரும், "எங்க வீட்டு வண்டி நடைபாதையிலும் நடுத்திட்டுலயும் நிக்காது"ன்னு கையெழுத்துப் போட்டுத் தரணும்.

சம்மதம்னா கையைத் தூக்குங்க. (எல்லா உறுப்பினர்களும் கையைத் தூக்கினார்கள். மூன்று தீர்மானங்களும் நிறைவேறின.)