கலியாணத்திற்கு ஊர் ஓட்டா?

(மதுரைக்கு மேற்கே ஒரு கிராமத்து வாசகசாலையில் செய்த சொற்பொழிவின் சாரம்)



சென்ற மாதம் இந்தப் பக்கத்திலேயே வேறொரு கிராமத்தில் நாம் பேசி முடித்த பின்பு ஒரு வாலிபத் தோழர் எழுந்து, "ஐயா, அயர்லாந்து தேசத்தில் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கலியாணம் செய்து கொள்ளலாமா என்று ஜனங்களிடமே ஓட்டுக் கேட்டார்களாமே, நம் தேசத்திலும் அப்படியே ஓட்டுக்கு விட்டுவிட்டால் என்ன? பெரும்பாலோர் சரியென்றால் சரி, கூடாதென்றால் கூடாது" என்று கேட்டார். கூட்டத்தில் பலர் சிரித்தார்கள். இரண்டொரு பெரியவர்கள், "இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகி விட்டபடியால் நாமும் ஏதோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிட்டோம். அது யோக்கியமான பதில் அல்ல என்று பஸ்ஸில் உட்கார்ந்தபோதே தோன்றிற்று. ஆதலால் இன்று அதைப் பற்றியே பேசுகிறோம். சிரிக்க ஆசைப்படுகிறவர்கள் தாராளமாய்ச் சிரிக்கலாம். 1928ல் நம்மவர்களைப் பார்த்தும் இந்தச் சீமை முழுவதும் சிரித்ததுதான்.

முதலில் அந்த அயர்லாந்து சங்கதி. 2015ம் வருஷம் மே மாதம் 22ந் தேதி அங்கே ஓட்டு எடுத்தார்கள். 100க்கு 62 பேர் செய்துகொள்ளலாம் என்றார்கள். பாதிரிமார் சொன்னதே சட்டமாயிருந்த தேசம் அது. வெளிதேசத்திலிருந்த வாலிபர்களெல்லாம் இந்த ஓட்டைப் போடுவதற்கென்றே கப்பலிலும் விமானத்திலும் ஊர் வந்து சேர்ந்தார்கள். சந்தோஷப்பட வேண்டிய விஷயந்தான். ஆனால் அதே ஜனங்களிடம் 1986ல் புருஷன் பெண்சாதி பிரிந்து கொள்ள விவாகரத்துச் சட்டம் வேண்டுமா என்று கேட்டபோது, 100க்கு 63 பேர் கூடாது என்று போட்டார்கள். மறுபடி 1995ல் கேட்டார்கள். பதினாறு லட்சத்திற்கு மேற்பட்ட ஓட்டுகளில் சுமார் 9 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் சரி என்றாயிற்று. இப்போது கேட்கிறோம்: 1986க்கும் 1995க்கும் நடுவே ஒரு குடிகாரப் புருஷனிடம் அடிபட்டுக் கொண்டிருந்த ஒருத்தியின் நியாயம் எதிலே மாறிற்று? 1986ல் வாங்கிய அடியும் 1995ல் வாங்கிய அடியும் ஒரே அடிதானே! அடுத்த வீட்டுக்காரன் மனம் மாறுகிறவரையில் அவள் ஒன்பது வருஷம் காத்திருக்க வேண்டியதாயிற்று என்பதைத் தவிர வேறென்ன?

சுவிட்சர்லாந்து என்ற தேசத்தில் இதைவிட வேடிக்கை. பெண்களுக்கு ஓட்டுக் கொடுக்கலாமா என்று 1959ல் ஓட்டு எடுத்தார்கள். யாரிடம்? ஆண்களிடம்! மூன்றில் இரண்டு பங்குப் பேர் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். 1971ல்தான் மனமிரங்கினார்கள். அப்போதும் மலைநாட்டில் ஒரு சின்ன மாகாணத்து ஆண்பிள்ளைகள், வருஷா வருஷம் மைதானத்தில் கூடிக் கை தூக்குகிற தங்கள் ஊர்ச் சபையில் மட்டும் பெண்கள் கை தூக்கக் கூடாதென்று 1990 வரையில் பிடிவாதம் செய்து, கடைசியாகக் கோர்ட்டு வந்து தலையில் குட்டவேண்டியதாயிற்று. அதே தேசம் 2021ல் ஒரே பாலார் கலியாணத்திற்கு 100க்கு 64 ஓட்டுப் போட்டது. ஸ்லோவேனியாவில் 2015லும், தைவான் தீவில் 2018லும் ஜனங்கள் கூடாது என்று ஓட்டுப் போட்டார்கள். தைவானில் கோர்ட்டு முன்பே சொல்லியிருந்த தீர்ப்பின்படி மறு வருஷமே சட்டம் வந்தது. ஸ்லோவேனியாவிலும் 2022ல் கோர்ட்டின் தீர்ப்பினாலேயே வந்தது.

வெளிதேசத்துக் கதை போதும். நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

அருப்புக்கோட்டைப் பக்கத்திலுள்ள சுக்கிலநத்தத்தில் 1928ல் பெரியார் தலைமையில் ஐயரும், அக்கினியும், மந்திரமும் இல்லாமல் ஒரு கலியாணம் நடந்ததே, அதற்கு அன்றைக்கு மதுரை, ராமநாதபுரம் ஜில்லாக்களில் ஓட்டு எடுத்திருந்தால் நமக்கு எத்தனை ஓட்டு விழுந்திருக்கும்? கலியாண வீட்டாரே முழுசாய்ப் போட்டிருப்பார்களோ என்பது சந்தேகம். விதவைக்குக் கலியாணம், சாதி விட்டுச் சாதி கலியாணம் என்று ஒவ்வொன்றையும் ஓட்டுக்கு விட்டிருந்தால் டிபாசிட்டே பறிபோயிருக்கும். ஓட்டுக்கு விடாமலே பட்ட பாடு என்ன? 1953ல் சென்னை ஹைக்கோர்ட்டில், சடங்கு இல்லாத கலியாணம் கலியாணமே ஆகாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஊரறிய மாலை மாற்றி, பிள்ளை குட்டி பெற்று, இருபது வருஷம் குடித்தனம் செய்தவள் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணுக்குப் பெண்சாதி அல்லாதவளாய்ப் போனாள். பங்காளிகள் சொத்துக்கு வழக்குப் போட்டார்கள். அவள் பிள்ளைகளை இன்ன பெயர் சொல்லித்தான் கூப்பிடுவது என்றில்லை.

பிறகு 1967ல் அண்ணாதுரை மந்திரிசபை சட்டம் செய்து, 1968 ஜனவரியில் அமலுக்கு வந்தது. சுற்றத்தார் சினேகிதர் முன்னிலையில், இருவருக்கும் புரிந்த பாஷையில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினால் போதும். அல்லது மோதிரம் போட்டால் போதும். அல்லது தாலி கட்டினால் போதும். முன்பே நடந்தவைகளும் செல்லும் என்றும் அதிலேயே எழுதினார்கள். அந்தச் சட்டத்தின் சாரம் என்ன? கலியாணம் என்பது ஐயர் கையிலும் இல்லை, அக்கினியிலும் இல்லை, இருவருடைய சம்மதத்தில் இருக்கிறது என்பதுதானே? சம்மதந்தான் கலியாணம் என்று மேடைக்கு மேடை பேசிவிட்டு, அந்த இருவரும் ஆணும் ஆணுமாகவோ பெண்ணும் பெண்ணுமாகவோ இருந்தால் மாத்திரம் ஊராரைக் கேட்க வேண்டும் என்றால், அன்றைக்கு நாம் எதற்காகத்தான் ஐயரை வெளியே அனுப்பினோம்? அவர் உட்கார்ந்திருந்த மணையில் ஊராரை உட்கார வைப்பதற்கா?

நிற்க. நம் தேசத்தில் ஒரு சட்டத்தை ஜனங்களின் ஓட்டுக்கு விடும் ஏற்பாடே அரசியல் சட்டத்தில் இல்லை. ஆனால் 2023 அக்டோபர் 17ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து ஜட்ஜுகள், கலியாணம் செய்து கொள்வது அடிப்படை உரிமை அல்ல, இதற்குச் சட்டம் செய்வது பார்லிமெண்டின் வேலை என்று சொல்லிவிட்டார்கள். மறுபரிசீலனை மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின. பார்லிமெண்டு மெம்பர்களோ ஊரார் ஓட்டை எண்ணிக் கொண்டிருப்பவர்கள். ஆகவே பெயர் வேறாயிருந்தாலும் விஷயம் ஓட்டுத்தான். ஓட்டென்று வந்தால் நாமும் வீடு வீடாய்ப் போய்க் கேட்போம். அதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் ஓட்டு விழுந்ததால்தான் அது நியாயமாயிற்று என்று மாத்திரம் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

அந்த வழக்கிலே மத்திய சர்க்கார் ஒரு வாதம் செய்தார்கள். இது பட்டணத்துப் பணக்காரர் சமாச்சாரம், நாட்டு ஜனங்களுக்குச் சம்பந்தமில்லாதது என்ற அர்த்தத்தில் எழுதிக் கொடுத்தார்கள். தோழர்களே! நாம் மதுரைக்காரர்கள், நமக்குத் தெரியாதா? தூத்துக்குடியில் 2018ல் ஒரு வாலிபரும் ஒரு திருநங்கையும் கோயிலில் கலியாணம் செய்து கொண்டார்கள். பதிவு ஆபீசில் பதிய மாட்டோம் என்றார்கள். வழக்கு வந்தது எங்கே? மேலூர் ரோட்டிலுள்ள நம் மதுரை ஹைக்கோர்ட்டு பெஞ்சுக்குத்தான். 2019 ஏப்ரலில் அந்தக் கலியாணம் செல்லும், மணப்பெண் என்ற வார்த்தையில் திருநங்கையும் அடங்குவாள், பதிந்து கொடு என்று தீர்ப்பாயிற்று. 2021ல் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் விரும்பி, பெற்றோருக்குப் பயந்து பட்டணத்துக்கு ஓடினார்களே, அவர்கள் எந்த ஊர்? இதே மதுரைதான். பெற்றோர் போலீசில் பெண்ணைக் காணோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த வழக்கை விசாரித்த சென்னை ஜட்ஜு, தமக்கும் இதில் முன்கூட்டிய எண்ணங்கள் உண்டு என்று திறந்த கோர்ட்டில் ஒப்புக்கொண்டு, ஒரு மனோதத்துவ நிபுணரிடம் உட்கார்ந்து பாடங்கேட்ட பிறகுதான் தீர்ப்பெழுதினார். இதை வியாதியென்று சொல்லி வைத்தியம் பார்ப்பது கூடாதென்றும் உத்தரவிட்டார். ஹைக்கோர்ட்டு ஜட்ஜு பாடங்கேட்கலாம், நம் கூட்டத்துப் பெரியவர்கள் மாத்திரம் துண்டை உதறிக்கொண்டு போய்விடலாம் போலிருக்கிறது!

2025 மே மாதத்தில் இன்னொரு வழக்கு. வேலூர்ப் பக்கத்தில் வயது வந்த ஒரு பெண்ணைப் பெற்றோர் அடைத்து வைக்க, அவளுடைய தோழி ஹைக்கோர்ட்டுக்குப் போய் மீட்டாள். குடும்பம் ஏற்படுத்திக் கொள்ளக் கலியாணம் ஒன்றுதான் வழியென்பதில்லை என்று ஜட்ஜுகள் சொன்னார்கள். நல்ல வார்த்தைதான். 2024 ஆகஸ்டில் இப்படிப்பட்ட இருவர் பாங்கியில் கூட்டுக் கணக்கு வைக்கலாம், ரேஷன் கார்டில் ஒரே குடும்பமாய் இருக்கலாம் என்று மத்திய சர்க்காரும் தெரியப்படுத்தினார்கள். ஆனால் இருவரில் ஒருவர் உயில் எழுதாமல் கண்ணை மூடினால், இருபது வருஷம் கஞ்சி காய்ச்சி ஊற்றியவளுக்கு ஒரு சல்லியும் கிடையாது. இருபது வருஷம் எட்டிப் பாராத அண்ணன் தம்பி வந்து பூட்டை உடைப்பான். 1953ல் நம் பெண்மக்களுக்கு நடந்தது இதுதானே!

இனி வைதீகர்களுடைய ஆட்சேபணை. நம் தர்மத்தில் இது இல்லை என்கிறார்கள். இல்லையா? மனுவைப் புரட்டிப் பாருங்கள். எட்டாவது அத்தியாயத்தில் ஒரு கன்னிகையிடம் இன்னொரு கன்னிகை நடந்தால் அபராதமும் பத்து அடியும். வயது வந்த ஸ்திரீ நடந்தால் தலையை மழித்து அல்லது இரண்டு விரலை வெட்டிக் கழுதைமேல் ஏற்ற வேண்டுமாம். பதினோராவது அத்தியாயத்தில் ஒரு துவிஜன் ஆணிடம் நடந்துவிட்டால் என்ன தண்டனை தெரியுமா? கட்டின துணியோடு ஒரு முழுக்கு! இவளுக்கு விரல் போகவேண்டும், அவருக்கு வேஷ்டி நனைந்தால் போதும். இல்லாத காரியத்திற்கா இவ்வளவு கணக்காகத் தண்டனை எழுதி வைத்தார்கள்? இன்னும் நம் கண்மாய்க் கரைதோறும் மீசை முறுக்கி உட்கார்ந்திருக்கிறாரே ஐயனார், அவர் யார் யாருக்குப் பிள்ளை என்று புராணத்தைக் கேட்டால் சிவனையும் விஷ்ணுவையும் சொல்கிறது. இதைக் காட்டி, "பார், நம் புராணத்திலேயே இருக்கிறது" என்று இவர்களுக்கு வக்காலத்து வாங்கும் நல்லவர்களும் உண்டு. நமக்கு அந்த சாட்சியும் வேண்டாம். ஐயனார் சாட்சி சொன்னால்தான் மனுஷனுக்கு உரிமை என்றால், நாளைக்கு அவர் சாட்சி மாறினால் என்ன செய்வது?

இயற்கைக்கு விரோதம் என்பார்கள். வெள்ளைக்காரன் 1860ல் எழுதி வைத்த 377வது பிரிவிலும் இதே வார்த்தைதான். 2018 செப்டம்பர் 6ந் தேதி, வயது வந்தவர்கள் சம்மதித்து நடப்பது குற்றமல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு அதை அகற்றியது. பிள்ளை பிறக்காதே என்பார்கள். பெண் என்பவள் பிள்ளை பெறும் யந்திரமா என்று கர்ப்பத்தடைப் பிரசாரம் செய்த இயக்கத்தில் இருந்து கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்க நம்மவர்களுக்கு வெட்கமில்லையா?

வைதீகரைச் சொல்லிவிட்டோம். இனி நம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று நெடுநாள் யோசித்தோம்.

சில வருஷங்களுக்கு முன் இந்தப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நாம் ஒரு சுயமரியாதைக் கலியாணம் நடத்தி வைத்தோம். பெண்ணின் தகப்பனார் பழுத்த இயக்கத்தோழர். வீட்டில் சாமி படம் கிடையாது. பெண் ஒரு மில்லில் வேலை பார்த்து, கூட வேலை செய்யும் ஒரு பெண்ணோடு ஒரே அறையில் தங்கியிருந்தவள். "கொஞ்சம் அவசரம், நீங்கள்தான் தலைமை வகிக்க வேண்டும்" என்று வந்தார். போனோம். பெண்ணுரிமையைப் பற்றி ஒரு மணி நேரம் பிரமாதமாய்ப் பேசினோம். பெண்ணிடம் உறுதிமொழிச் சீட்டைக் கொடுத்தோம். அவள் படித்தது முன் வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை. "பெண்ணுக்கு வெட்கம்" என்று நாம் சொன்னோம். எல்லோரும் கை தட்டினார்கள். நாமும் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டோம்.

நாலு மாதத்தில் அவள் திரும்பி வந்துவிட்டாள். அந்தப் பழுத்த தோழர், சாமி படம் வைக்காத தோழர், ராத்திரியோடு ராத்திரியாக அவளை ஒரு கோடாங்கியிடம் கொண்டுபோய் வேப்பிலை அடித்து, மிளகாய்ப் புகை போட்டிருக்கிறார். கண் வீங்கிப் போயிற்று. அதன் பிறகுதான் நமக்கு ஆள் அனுப்பினார், புத்தி சொல்லும்படி. நாம் போய் உட்கார்ந்தோம். அவள் அழவில்லை, கோபிக்கவும் இல்லை. "ஐயா, அன்னைக்கு மேடையில அத்தனை பேர் முன்னால சம்மதமான்னு கேட்டீங்களே, அதுக்கு முந்தி என்னைத் தனியாக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றாள்.

நாம் முப்பது வருஷ காலமாக எத்தனையோ சாஸ்திரிகளோடு வாதம் செய்திருக்கிறோம். பதில் சொல்ல முடியாமல் எழுந்து வந்தது அந்தத் திண்ணையிலிருந்துதான். அந்த மாப்பிள்ளைப் பையனும் ஒரு குற்றமும் செய்யாதவன். அவன் வாழ்வையும் சேர்த்துத்தான் கெடுத்தோம். ஐயர் இல்லாமல் ஒரு கட்டாயக் கலியாணம், அவ்வளவுதான் நாம் செய்தது. அவள் பிறகு அந்தத் தோழியோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். தகப்பனார் இரண்டு வருஷம் பேசவில்லை. சென்ற பொங்கலுக்கு ஒரு மூட்டை அரிசியோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். நம்மிடம் அதைச் சொன்னபோது முகத்தை வேறு பக்கம் திருப்பிக் கொண்டார்.

அன்று முதல், நம்மைத் தலைமை வகிக்கக் கூப்பிடுகிறவர்களுக்கு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறோம். கலியாணத்திற்கு ஒரு வாரம் முந்தி பெண்ணையும் பிள்ளையையும் தனித்தனியே, பெற்றோர் இல்லாமல், நம் வீட்டுக்காரியும் கூட இருக்க, பார்த்துப் பேச வேண்டும். இதனால் மூன்று இடங்களில் நம்மை வேண்டாமென்று வேறு தலைவரைப் பார்த்துக் கொண்டார்கள். ஓரிடத்தில் கலியாணமே நின்றது. அந்தப் பெண் மேலே படிக்க ஆசைப்பட்டாள், வேறொன்றுமில்லை.

நேரமாகிறது. வழக்கம்போலக் கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி மேஜைக்கு அனுப்புங்கள். எல்லாவற்றிற்கும் பதில் சொல்கிறோம். எழுதுகிறவர் பெயர் போட வேண்டியதில்லை. இன்றைக்கு இங்கே கேட்க முடியாததாயிருந்தால், வாசகசாலைப் பெட்டியில் எப்போது வேண்டுமானாலும் போட்டுவிட்டுப் போகலாம். சாவி நம்மிடந்தான் இருக்கிறது.