வீட்டுக்கு ஒரு காவல் மணி

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

1978-ஆம் ஆண்டில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் இந்த எலெக்ட்ரானிக் சிட்டியைத் தோற்றுவித்தது. உலகத்துக் கம்பெனிகளின் கணக்குகளை இரவு பகலாகக் காத்துவரும் நம் பிள்ளைகள், பொங்கலுக்கு ஊர் செல்லும்போது தம் வீட்டை ஒரு பூட்டிடம் ஒப்படைத்துவிட்டு வண்டி ஏறுகின்றனர். ஆளில்லாத வீட்டைக் காக்க நம் கையாலேயே ஒரு மணி அமைத்தல் கூடுமா? யான் பொறியாளன் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறிய ரயில்வே எழுத்தன். ஆயினும், என் வீட்டில் அமைத்தவன் என்ற உரிமையால், கூடும் என்பேன்.

1853-ல் அமெரிக்காவில் அகஸ்டஸ் போப் என்பவர் மின்சாரத் திருட்டு மணிக்குக் காப்புரிமை பெற்றார். கதவு திறந்தால் மின்சுற்று இணையும், மணி ஒலிக்கும். நல்ல யுக்திதான். ஆனால் இத்தகைய அமைப்பில் கம்பி அறுந்தால் மணி ஊமையாகும். வீட்டாருக்கு அது தெரியவும் தெரியாது.

இதற்கு நேர் மறுதலையான முறை ரயில்வேயில் உண்டு. 1872-ல் வில்லியம் ராபின்சன் கண்ட முறை அது. தண்டவாளத்தின் ஒரு முனையில் பேட்டரி, மறு முனையில் ரிலே. மின்சாரம் ரிலேயை எட்டும் வரையில்தான் பச்சை விளக்கு. வண்டிச் சக்கரம் ஏறினால் மின்சாரம் அதன் வழியே திரும்பிவிடும், ரிலே விழும், சிவப்பு எரியும். கம்பி அறுந்தாலும் சிவப்பு, பேட்டரி தீர்ந்தாலும் சிவப்பு. பழுதே அபாய அறிவிப்பாகிறது.

வீட்டு மணியையும் இவ்வாறே அமைத்தல் வேண்டும். கதவு நிலையில் ஒரு ரீட் சுவிட்ச். கதவில் அதற்கு நேரே ஒரு சிறு காந்தம். இடைவெளி ஒரு சென்டிமீட்டருக்கு மிகாதிருப்பது நலம். இரும்புக் கதவாயின் அதற்கென்றே விற்கும் வகையை எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் கேட்டு வாங்குக. எல்லாச் சுவிட்சுகளையும் ஒரே கம்பியில் வரிசையாகக் கோத்து, 12 வோல்ட் ரிலேயில் சேர்த்துவிடலாம். கதவு திறந்தாலும் கம்பி அறுபட்டாலும் ரிலே விழுந்து சைரன் அலறும். ரிலே இரவு பகலாக மின்சாரம் உண்ணுமாதலால் டார்ச் பேட்டரி தாங்காது. சார்ஜருடன் கூடிய பேட்டரி வேண்டும். சைரனுக்குத் தனிப் பேட்டரி இருத்தல் அவசியம். ஒன்றே இரண்டிற்கும் என்றால், அது தீர்ந்த நாளில் அலறுவதற்கும் வலுவிராது! திருடன் கதவைச் சாத்தியவுடன் சைரன் அடங்கிவிடாதபடி, விழுந்த ரிலே ஒரு பொத்தானை அழுத்தினாலன்றி எழாதவாறு இணைக்க வேண்டும்.

வாடகை வீட்டில் ஆணி அடிக்க ஒப்பாத உரிமையாளர் உண்டு. அவர்களுக்காக ஒட்டும் வகைக் கம்பியில்லாக் கருவிகள் வந்துள்ளன. வாங்குமுன், பேட்டரி தளர்ந்தாலும் தொடர்பு அறுந்தாலும் அதுவே தெரிவிக்குமா என்று கேளுங்கள். வைபை கேமராவோ, மின்சாரம் நின்று வைபை அணைந்தால் வாய்மூடிவிடும். அதன் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுங்கள். 2016-ல் மிராய் என்னும் தீநிரல், கடையில் வாங்கியபடியே விடப்பட்ட கடவுச்சொற்களைக் கொண்டே எண்ணற்ற கேமராக்களைக் கைப்பற்றியது.

ஊருக்குப் புறப்படுமுன் ஒவ்வொரு கதவாகத் திறந்து பாருங்கள். ஒரு கம்பியைக் கழற்றியும் பாருங்கள். இரண்டிலும் சைரன் ஒலிக்க வேண்டும். ஒலித்தால் 112-க்கு அழைக்கும்படி, அடுத்த வீட்டாரிடம் அவர்தம் கன்னடத்திலேயே சொல்லி வையுங்கள். பொத்தான் இருக்குமிடத்தையும் காட்டிவிடுங்கள். எலி கம்பியைக் கடித்த இரவில் தெருவே உறங்க வேண்டுமல்லவா?